தொண்ணூற்றேழு டிகிரி

டிசம்பர் 8, திங்கள்

அக்கா, இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. மணி பன்னிரண்டு இருபது. யுகன் இப்போதுதான் கண்ணை மூடினான். "போன்ல அழுதா எனக்கு டூட்டி ஓடாதுடி அபி. ஒரு நோட்டு வாங்கி எழுது, ஞாயித்துக்கிழமை போட்டோ புடிச்சு அனுப்பு" என்று மஸ்கட்டுக்குக் கிளம்பும்போது சொன்னாயே, அந்த நோட்டு இதுதான். வாங்கி மூன்று வாரம் ஆகிறது. முதல் பக்கம் இன்றைக்குத்தான் வாய்த்தது.

அவரைக் கம்பெனியில் குஜராத்துக்கு அனுப்பிப் பத்து நாள் ஆயிற்று. புது மெஷின் பூட்டி ஓடவிட்ட பிறகுதான் வருவார். ஜனவரி கடைசி ஆகுமாம். அத்தை தர்மபுரிக்குப் போய்விட்டார்கள், நாத்தனாருக்கு இது நிறைமாதம். போகும்போது ஒரு பட்டியலே சொல்லிவிட்டுப் போனார்கள். ஜன்னலைத் திறக்காதே. காதில் பஞ்சு வை. குழந்தைக்குத் தலைக்கு ஊற்றினால் சாம்பிராணி போடாமல் விடாதே. ஓசூர்க் குளிர் பொல்லாதது, ஏழு மாதத்தில் பிறந்த பிள்ளைக்குச் சூடு இறங்கவே கூடாது.

சூடு இறங்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் எனக்குக் காட்டியது ஒரு பெட்டியைத்தான். அது மெல்ல உறுமிக்கொண்டே இருக்கும், மேலே சிவப்பு எழுத்தில் டிகிரி ஓடும். பக்கத்து ஓட்டைக்குள் கையை விட்டு அவனைத் தொட்டுக்கொள்ளலாம். ஒன்றே கால் கிலோவாக இருந்தவன் இப்போது நாலு முந்நூற்றைம்பது. மாதக் கடைசிக்குள் ஐந்தைத் தொட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எனக்கு வேறு கவலையே இல்லை அக்கா, அந்த அறுநூற்றைம்பது கிராம்தான்.

ஆனால் இன்றைக்கு வேறொரு தொல்லை. கம்ப்யூட்டர் மூன்று தடவை தானாக அணைந்துவிட்டது. கிச்சன் டிசைன் படம் ஒன்றை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. சிபியு மேல் கை வைத்துப் பார்த்தேன், தோசைக்கல் மாதிரி இருந்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

ப்ராசஸரின் சூட்டை அளந்து நிமிடத்துக்கு நிமிடம் எழுதி வைக்கும் ஒரு புரோகிராம் போட்டேன். தொண்ணூற்றேழு டிகிரி காட்டியது. நூறில் தண்ணீர் கொதித்துவிடும்.

டிசம்பர் 11, வியாழன்

இம்தியாஸ் அண்ணனை வரச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருப்பவர், ஐம்பது வயதிருக்கும், முன்பு டிவி ரிப்பேர் பார்த்தவராம். ஹாலில் உட்கார்ந்து சிபியுவின் பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்ததும் மூக்கை உறிஞ்சினார்.

"என்னம்மா இது, கம்ப்யூட்டருக்குத் தலைக்கு ஊத்தி சாம்பிராணி போட்டீங்களா?"

"விளையாடாதீங்கண்ணே."

"மோந்து பாருங்க. தூசின்னா ஊதுனா பறந்துடும். இது பிசுக்கு. ப்ராசஸர் மேல இருக்குற இந்த அலுமினியத் தகடுங்க நடுவுல காத்து போனாத்தான் சூடு தணியும். அத்தனையும் அடைச்சிட்டுக் கெடக்கு. ஃபேன் சுத்தி என்ன புண்ணியம்?"

பின் அறையில்தான் குழந்தைக்குச் சாம்பிராணி போடுகிறேன், ஹாலுக்குப் புகை வராது, கதவைச் சாத்திவிடுவேன் என்றேன்.

"அப்ப பொகைக்குக் கால் மொளைச்சு நடந்து வந்துச்சாக்கும். முப்பது வருசமா தொறந்து பாக்குறேம்மா. பூஜை ரூம்ல வச்சிருந்த டேப்ரிக்கார்டர்கூட இந்தக் கதிக்கு ஆனதில்ல."

ப்ராசஸருக்கும் தகட்டுக்கும் நடுவில் இருந்த பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதுப் பசை வைத்தார். ப்ளோயரை உள்ளே காட்டிக் காற்றடித்தபோது என்னால் பார்க்க முடியவில்லை. "மெதுவாண்ணே, மெதுவா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். "வலிக்காதும்மா அதுக்கு."

போகும்போது சொன்னார்: "மூடி கீடி வைக்காதீங்க. சுவத்துலேர்ந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். சூடு வெளிய போவணும், அவ்ளோதான் வைத்தியம்."

சிபியுவை வெறுந்தரையில் அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். டைல்ஸ் தரை சில்லென்று இருந்தது. அடியில் ஒரு சாக்கு விரித்தேன்.

டிசம்பர் 13, சனி

அவர் போன் செய்தார். அங்கே சாப்பாடெல்லாம் இனிப்பாக இருக்கிறதாம். யுகன் குப்புற விழப் பார்க்கிறானா என்று கேட்டார். பார்க்கிறான் என்றேன். இரண்டு நாளாகப் பார்க்கவில்லை, ஆனால் சொன்னால் பதறுவார். "ஒனக்குத் தனியா முடியலன்னா சொல்லிரு அபி. புள்ளைய அம்மாகிட்ட தர்மபுரிக்கு அனுப்பிரலாம். நீ ஒரு மாசம் நல்லா தூங்கு" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். முடிகிறது, நன்றாகவே முடிகிறது என்றேன்.

யுகனுக்கு வைக்கும் மை டப்பா தீர்ந்துவிட்டது. வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

இன்றைக்கு அனுப்ப வேண்டும். கையெழுத்து கோணலாக இருக்கிறது. அடுத்த ஞாயிறு சேர்த்து அனுப்புகிறேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. விடியற்காலையில் கோயில் ஸ்பீக்கர் போட்டு யுகனை எழுப்பிவிட்டார்கள். குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, பால் கொடுத்துத் தூங்கப் போட்டு, பாட்டில்களைக் கொதிக்க வைத்து, இரண்டு டிசைன் முடித்து, ரசம் வைத்துச் சாப்பிடும்போது ஒன்றே முக்கால். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அவன் பக்கத்தில் படுத்தேன். நாலு மணிக்கு அலாரம்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு ஜெயசீலியம்மா ரவிக்கைத் துணியோடு வாசலில் நின்றார்கள். வீட்டிலேயே தையல் போடுகிறவர்கள், அவர்கள் மெஷினுக்கும் நம் ஹாலுக்கும் நடுவில் ஒரே சுவர்தான்.

"ஏண்டி அபி, மத்தியானம் புள்ள அந்தக் கத்து கத்துறான், நீ பாட்டுக்குத் தாலாட்டு பாடிக்கிட்டே இருக்க. வயித்துக்குக் குடுக்காம பாட்டு எதுக்கு?"

நான் தூங்கிக்கொண்டிருந்தேன், ஏதாவது போனில் ஓடியிருக்கும் என்றேன்.

"போன்ல வர்ற பாட்டு நடுவுல இருமுமா? ஒனக்குச் சளி புடிச்சிருக்குல்ல, அதே இருமல். ஒரு பக்கம் பாட்டு, இன்னொரு பக்கம் அழுகை. ரெண்டும் வேற வேற எடத்துலேர்ந்து வருது. மெஷின நிறுத்திட்டுக் கேட்டேன்."

போனைத் தூங்கும்போது அணைத்து வைத்துவிடுவேன் என்பது அவர்கள் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. அலாரம் மேசைக் கடிகாரத்தில்.

சுவர் மெல்லிய சுவர். மாடி வீட்டுக் குரலாக இருக்கும். மாடியில் குழந்தை இல்லை, ஆனால் விருந்தாளி வந்திருக்கலாம்.

டிசம்பர் 18, வியாழன்

தடுப்பூசி. எடை பார்த்தார்கள். நாலு இருநூறு.

ஏறவில்லை அக்கா, இறங்கியிருக்கிறது. நர்ஸ் இரண்டாவது தடவை தராசில் போட்டார். "காலு என்னம்மா இவ்ளோ ஜில்லுன்னு இருக்கு? வெறுந்தரையில போடுறீங்களா?" என்றார். கம்பளியில்தான் போடுகிறேன். ஆனால் அவர் சொன்னதும் பொய்யில்லை. தினம் நாலு மணிக்கு எழுந்து தொட்டால் அவன் பாதம் குளிர்ந்துதான் கிடக்கிறது. போர்வை ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். உதைத்துத் தள்ளிவிடுகிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா தூங்குறீங்களா?"

"தூங்குறேன் டாக்டர்."

"கனவு வருதா?"

இல்லை என்றேன். அது உண்மை. பகல் தூக்கத்தில் ஒன்றுமே வருவதில்லை, கறுப்பாக இருக்கும். எழும்போது கை மட்டும் வலிக்கும், ஏதோ பாரம் தூக்கினாற்போல.

டிசம்பர் 19, வெள்ளி

மறுபடி அணைந்தது. இம்தியாஸ் அண்ணனைத் திரும்பக் கூப்பிடக் கூச்சமாக இருந்தது. நானே திருப்பினேன். பின்பக்கம் காற்று வெளியேறும் வட்டத்தில் பஞ்சு. இழுக்க இழுக்க வந்தது. முன்னால் ஹெட்போன் செருகும் இரண்டு ஓட்டைகளிலும் பஞ்சு, கடுகளவு உருட்டி, அழகாக. தேங்காய் எண்ணெய் வாசனை அடித்தது.

எலி என்று முதலில் எழுதினேன், அடித்துவிட்டேன். எலி பஞ்சை எண்ணெயில் தோய்க்காது.

சூட்டுக் கணக்கைத் திறந்து பார்த்தேன். காலையில் நான் வேலை செய்யும்போது எழுபதைத் தாண்டவில்லை. இரண்டு மணிக்கு அணைத்ததும் கணக்கு நின்றுவிடுகிறது. இரண்டு இருபத்தைந்துக்கு மறுபடி தொடங்குகிறது. அறுபத்தெட்டு, எண்பது, தொண்ணூற்றொன்று. மூன்று மணிக்குத் தொண்ணூற்றேழு. நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முடிகிறது. நேற்றும் அப்படி, முந்தாநாளும் அப்படி. கணக்கு இருக்கிற பத்து நாளும் அப்படியே.

அந்த நேரத்தில் ஓடியது என்ன என்று தேடினேன். ஒரே ஒரு படம். பாகலூர் ரோட்டு வீடு ஒன்றுக்குப் போன மாதம் நான் செய்து கொடுத்த கிச்சன். அதை இருப்பதிலேயே பெரிய அளவில், கம்ப்யூட்டர் மூச்சுத் திணறுகிற அளவில், திரும்பத் திரும்ப வரைய விட்டிருக்கிறார்கள். பாதிப் படங்களாக ஒரு ஃபோல்டர் நிறையக் கிடக்கின்றன. ஆள் இல்லாத சமையலறை, ஜன்னலில் மத்தியான வெயில். அந்தப் படம் யாருக்கும் தேவையில்லை. சூடு ஏற வேண்டும் என்பதைத் தவிர அதை ஓட விடுவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 20, சனி

வாசல் கதவு உள்பக்கம் தாழ். பின்கதவு பூட்டு. சாவி என் தாலிச் சரட்டுப் பின்னில் மாட்டியிருக்கிறது. ஜன்னல்கள் அத்தை போன நாளிலிருந்து திறக்கப்படவே இல்லை. இருந்தும் யாரோ வருகிறார்கள். நானும் குழந்தையும் தூங்கும்போது இந்த வீட்டில் ஒருத்தி நடமாடுகிறாள். ஒருத்தி என்று ஏன் எழுதினேன்? தெரியவில்லை. பஞ்சு உருட்டிய கை பெண் கையாகத்தான் தோன்றியது.

அவருடைய பழைய போனை சார்ஜில் போட்டு, ஹால் அலமாரியில் பாத்திரங்களுக்கு நடுவே சாய்த்து வைத்தேன். ஹாலும், கதவு வழியாகப் பின் அறைத் தரையும் தெரிகிறது. இரண்டு மணிக்கு வீடியோ ஓட விட்டேன். படுத்தேன்.

எடுத்துவிட்டது. இன்னும் பார்க்கவில்லை. முதலில் துணி மடிக்க வேண்டும்.

டிசம்பர் 21, ஞாயிறு

பார்த்தேன்.

இரண்டு பதினெட்டுக்கு அவள் வருகிறாள். என் பச்சை நைட்டி. கண் திறந்திருக்கிறது. நேரே சமையலறைக்குப் போய்க் கரண்டியில் கங்கு எடுத்து வந்து தூபக்காலில் போடுகிறாள். எதையும் தடவித் தேடவில்லை, எல்லாம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கம்ப்யூட்டரைப் போட்டு, அந்தக் கிச்சன் படத்தை ஓட விடுகிறாள். பிறகு தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, சிபியுவை ஒயரோடு இழுத்துத் தன் கால்கள் மேல் கிடத்துகிறாள். குழந்தையைக் குளிப்பாட்டக் கிடத்துவோமே, அதே மாதிரி. கழற்றிய மூடியை முறம்போல விசிறிப் புகையைக் காட்டுகிறாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். புடவைத் தலைப்பு இல்லாததால் நைட்டி ஓரத்தால் ஒற்றுகிறாள். பஞ்சு வைக்கிறாள். ஒரு மூலையில் மை தொட்டு வைத்து, பிறகு மனம் மாறியவள்போல விரலால் துடைக்கிறாள். யுகனின் மஞ்சள் போர்வையில் இறுகச் சுற்றி மடியில் எடுத்துக்கொள்கிறாள். ஃபேன் இரைச்சல் ஏற ஏற அவள் முகம் தெளிகிறது. "சூடு வந்துருச்சு, என் தங்கத்துக்குச் சூடு வந்துருச்சு" என்கிறாள். பாடுகிறாள். நடுவில் இருமுகிறாள்.

மூன்று மணியிலிருந்து பின் அறையில் அவன் அழுகிறான். கதவு இடுக்கில் தெரிகிறது. போர்வை இல்லாமல் புரண்டு டைல்ஸுக்கு வந்துவிட்டான். அவன் குப்புற விழப் பழகியது அந்தத் தரையில்தான், நான் பார்க்காத நேரத்தில். ஐம்பது நிமிடம் அழுகிறான். அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஒரு தடவை மட்டும், அவன் ரொம்பவும் வீறிட்டபோது, "ஷ்ஷ்" என்று மடியில் இருப்பதைத் தட்டிக் கொடுக்கிறாள்.

நாலு மணி ஆவதற்குள் போர்வையை அவிழ்த்து, மடித்து, எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போய்ப் படுக்கிறாள். அவனைத் தாண்டித்தான் போகிறாள். கவனமாக, மிதித்துவிடாமல்.

இன்றைக்கும் ஞாயிறு. அனுப்பவில்லை.

டிசம்பர் 22, திங்கள்

தூங்கவில்லை. அவனைத் துணியால் என் மேல் கட்டிக்கொண்டு பகல் முழுக்க நடந்தேன். மூன்று மணிக்கு நின்றபடியே கண் சொக்கிவிட்டது. விழித்தபோது ஹாலில், கம்ப்யூட்டர் மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். துணி அவிழ்ந்திருந்தது. அவன் சோபாவில் இருந்தான். விளிம்பில்.

டிசம்பர் 23, செவ்வாய்

அக்கா, முந்தாநாள் 'அவள்' என்று எழுதிய இடத்திலெல்லாம் 'நான்' என்று படித்துக்கொள். அடித்துத் திருத்த உட்கார்ந்தேன், கை ஓடவில்லை.

சாயங்காலம் யுகனைத் தூக்கிக்கொண்டு ஜெயசீலியம்மா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"இன்னிக்கு ராத்திரி பாப்பா ஒங்ககிட்ட இருக்கட்டும். என் வீட்டுக் கதவ வெளிய தாழ் போட்டுருங்க."

"என்னடி கிறுக்குப் பேச்சு?"

"ஆமா, கிறுக்குதான். அதான் சொல்றேன்."

சிரிக்க வாயெடுத்தவர்கள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அந்த வீடியோவை இரண்டு நிமிடம் காட்டினேன். போதும் என்று போனைக் கவிழ்த்துவிட்டார்கள். திட்டுவார்கள் என்று நினைத்தேன். தைக்கிற துணியை ஒதுக்கிவிட்டு அவனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்கள்.

"தாழெல்லாம் போட மாட்டேன். நீ என்ன மாடா? என் வீட்டுக் கதவு தொறந்தே இருக்கும். எப்ப வேணா வா, பாரு. ஆனா நான் பக்கத்துல இருக்கும்போதுதான் தூக்கணும். சரியா? ஒம் புருசன்கிட்ட சொல்லிட்டியா?"

இல்லை என்றேன். சொன்னால் பிள்ளையைத் தர்மபுரிக்கு அனுப்பிவிடுவார்கள், பிறகு என்னிடம் தரவே மாட்டார்கள்.

"ஒங்கக்கா நர்சுதானே? அவளுக்காவது சொல்லு. இப்பவே சொல்லு."

ராத்திரிக்குப் பால் பீச்சிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். அரைமணி நேரம் அழுத்தியும் அரை அவுன்ஸ் தேறவில்லை. பால் பவுடர் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து இந்தப் பக்கங்களை எல்லாம் படம் பிடித்தேன். வீடியோ ரொம்பப் பெரியது, போனிலிருந்து போகவில்லை. கம்ப்யூட்டரில் ஏற்றிச் சுருக்கித்தான் அனுப்ப வேண்டும். அதற்காக ஒரு தடவை அதைப் போட்டிருக்கிறேன். இதை அதன் முன்னால் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

இப்போது நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். கொஞ்ச நேரத்துக்கு முன் சுவருக்கு அந்தப் பக்கம் யுகன் அழுதான். பசி அழுகை, எனக்குத் தெரியும். என் மகன். காதைச் சுவரில் வைத்துக் கேட்டேன். பாவமாக இருந்தது. உடம்பில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு வீடியோ சுருங்கத் தொடங்கியது, சூடு எண்பதைத் தாண்டியது, ஃபேன் இரைச்சல் ஏறியது. மார்பில் குறுகுறுவென்று கூசியது. குனிந்து பார்த்தால் நைட்டியின் முன்பக்கம் இரண்டு பக்கமும் நனைந்து, சொட்டுகிறது.

நிற்கவில்லை அக்கா. எழுதுகிற இந்த வரியிலும் சொட்டியிருக்கிறது.

இதற்கு உங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பெயர் இருக்கும். மருந்தும் இருக்கும். எந்த டாக்டரிடம் போக வேண்டும், அவரிடம் நீ பேசுகிறாயா நான் பேசட்டுமா என்று சொல். நம் அம்மாவுக்கு இப்போது தெரிய வேண்டாம். யுகனை என்னிடமிருந்து பிரிக்காத வழியாகச் சொல், பிரித்தால்தான் அவன் பிழைப்பான் என்றால் அதையும் சொல், கேட்கிறேன். டூட்டி முடிந்து போனைப் பார்த்ததும், உடை மாற்றுவதற்கு முன்னாலேயே, எனக்குப் பதில் போடு அக்கா. சீக்கிரம் போடு.